இரண்டு மணிக்குப் போகிறவர்

சாமிதுரையிடம் யார் என்ன குறை கண்டாலும் வேலையில் மட்டும் குறை காண முடியாது. அதுதான் அந்த மனுஷனைப் பிடித்த சனியன் என்பாள் அவர் மனைவி பூமாலை. அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் கிடக்கிற கிடைக்கு சிமெண்டு ஆலைகளுக்கா பஞ்சம்? பேரெல்லாம் எதற்கு, அதில் ஒன்றில் அவர் கில்ன் போர்மேன். கில்ன் என்றால் ஒரு தெரு நீளத்துக்குப் படுத்தபடி சுற்றிச் சுற்றிக் கல்லைச் சுட்டெடுக்கிற இரும்பு உருளை. உள்ளே பதித்த செங்கல் ஓரிடத்தில் பெயர்ந்தால் போதும், வெளியே இரும்பு பழுத்துச் சிவந்துவிடும். அந்தச் சிவப்பு வந்துவிடுமோ, வந்துவிடுமோ என்றே அவர் பாதி ஆயுசைக் கழித்தார்.

அவருக்குக் காலை ஷிப்டு. ஆறுக்கு உள்ளே, இரண்டுக்கு வெளியே. ஆனால் எந்த நாள் அவர் இரண்டு மணிக்கு வெளியே போனார்? மத்தியான ஷிப்டுக்கு அறிவரசன் என்று ஒருவன் வருவான். டிப்ளமோ படித்தவன், வேலை தெரிந்தவன், ஒரு தப்பும் பண்ணினதில்லை. ஆனாலும் "அவன நம்பி நெருப்ப வுட்டுட்டுப் போவ முடியுமா?" என்று சொல்லிக்கொண்டு இவர் அந்த ஷிப்டும் முடிகிற வரைக்கும் அங்கேயே நிற்பார். யாரும் நிற்கச் சொல்லவில்லை. அதற்குத் தனிச் சம்பளமும் கிடையாது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரே ஆள் இரண்டு ஷிப்டு இருந்தான் என்று கார்டில் பதிந்தால் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்பார். அதனால் மேனேஜர் நாசூக்காக, "இருக்கறதுன்னா இருங்க சாமிதுரை, கார்டுல மட்டும் தெரியக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அதற்கும் ஒரு வழி செய்தார்கள். இரண்டு மணிச் சங்கு ஊதியதும் சாமிதுரையின் கார்டு வெளியே போகும், சாமிதுரை உள்ளே இருப்பார். வீட்டுக்குப் போகிற எவனாவது தன் கார்டோடு அவர் கார்டையும் டைம் ஆபீஸ் மிஷினில் ஒரு அடி அடித்து, சுவர்த் தட்டில் வெளியே போனவர்கள் பக்கம் செருகிவிட்டுப் போவான். அங்கே அது ஒன்றும் அதிசயமில்லை. அந்தக் காலத்து மூத்த ஆட்கள் எல்லாம் அப்படித்தான் செய்தார்கள்.

அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கி, உடனே மறுபடியும் பெரம்பலூரோடு ஒட்டிவைத்தார்களே, அந்தச் சமயத்தில் கார்டு அடிக்கிற வேலை மகேஷ் தலையில் விழுந்திருந்தது. மகேஷ் பெரம்பலூர்க்காரன், காலை ஷிப்டில் சாமிதுரைக்கு உதவி. வேலை நேரத்தில் அவன் வேலை சுத்தமாக இருக்கும். சங்கு ஊதிவிட்டால் அவன் சட்டை நுனியைக்கூட அங்கே பார்க்க முடியாது. அவன் மனைவி மத்தியானத்துக்கு மேல் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கப் போவாள். கைக்குழந்தையை அவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சாமிதுரைக்கு இது பொறுக்குமா?

"தாலி கட்டுன அன்னிக்கே ஷிப்டுக்கு வந்தவன்டா நானு. நீ என்னடான்னா ஒண்ணே முக்காலுக்கே கையக் கழுவிட்டு நிக்கற."

"அத ஒரு பெருமைன்னு சொல்றீங்களே சார். அன்னிக்கு அக்கா என்ன நெனச்சிருப்பாங்க?"

"நெனைக்க என்ன கெடக்கு? உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

"தெனம் உப்பு போட்டு ஒலை வைக்கறது அக்கா சார். கம்பெனி எங்க வச்சுது?" என்று சொல்லிவிட்டு மகேஷ் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவான். திமிர் பிடித்த கழுதை என்று சாமிதுரை முணுமுணுப்பார். ஆனால் அன்றைக்கு முழுக்க அந்தப் பேச்சு அவர் காதில் அரித்துக்கொண்டே இருக்கும்.

அவர் ஒன்றும் கல்நெஞ்சுக்காரர் இல்லை. செந்துறை ரோட்டில் அவர் வீடு. பூமாலையும், அஞ்சாவது படிக்கிற மகள் மலர்கொடியும்தான் அவருக்கு உலகம். இம்புட்டுப் பாடும் அவர்களுக்காகத்தான் என்று சத்தியமாக நம்பினார். ஒரு பொங்கலுக்கு அவர் வராமல், பொங்கின சோறு ஆறிப்போனபோது பூமாலை வாய்விட்டே சொன்னாள்: "இப்புடியே நீங்க வராம இருந்தீங்கன்னா, நீங்க இல்லாம இருக்க நாங்க பழகிக்குவோம். அப்பறம் இந்த வூட்டுல உங்களுக்கு எடம் இருக்காது. சொல்லலன்னு சொல்லாதீங்க."

அவள் கத்திச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, அமைதியாகச் சொன்னாள்.  சாமிதுரை இரண்டு நாள் நேரத்தோடு வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு பழைய குருடி கதவைத் திறடி.

ஆச்சரியம் என்னவென்றால், கொஞ்ச நாளில் பூமாலை சண்டை போடுவதை விட்டுவிட்டாள். அப்பாடா, புரிந்துகொண்டாள் என்று இவர் நிம்மதியானார். கேனையன்! சண்டை நின்ற வீட்டைப் பார்த்தால் அல்லவா பயப்பட வேண்டும்?

வீட்டில் சின்னச் சின்னதாக என்னவோ மாறியது. ஒழுகிக்கொண்டிருந்த கூரை ஓடுகளை யாரோ மாற்றியிருந்தார்கள். "யாரு மாத்துனது?" என்று கேட்டதற்கு, "நீங்கதானே மாத்துனீங்க" என்றாள் பூமாலை. குத்திக்காட்டுகிறாள் என்று பேசாமல் இருந்துவிட்டார். ராத்திரி வந்தால் தட்டு வைப்பதில்லை. "அப்பவே சாப்ட்டீங்களே" என்று தூக்கக் கலக்கத்தில் சொல்வாள். அதையும் குத்தல் என்றே எடுத்துக்கொண்டார். ஒருமுறை வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. எந்தக் கோயிலிலோ காப்புக் கட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே செருப்பை மாட்டினார். இன்னொரு நாள் அவர் வேலைக்குக் கிளம்புகிறபோது மலர்கொடி எழுந்து வந்து, "அப்பா, நேத்து பாதியில வுட்ட கதைய இன்னிக்கு முடிச்சிடுவீங்களா?" என்றாள். அவர் எந்தக் கதையையும் ஆரம்பிக்கவே இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் "ம், ம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கேட்டில் காவல் இருக்கிற காசிநாதன்தான் முதலில் கேட்டான். "என்ன போர்மேன், இப்பல்லாம் பஸ்ஸுல போறப்ப சிரிச்ச முகமா இருக்கீங்க? முன்ன மாரி உம்முன்னு இல்ல."

"நான் என்னிக்குய்யா ரெண்டு மணி பஸ்ஸுல வூட்டுக்குப் போனேன்?"

"தெனம்தான் போறீங்க. டிரைவருக்குப் பின்னாடி சீட்டு. நேத்து என்னப் பாத்து கைகூட காட்டுனீங்களே" என்று காசிநாதன் சிரித்தான். வெயிலில் நின்று நின்று இவனுக்கு மண்டை கழன்றுவிட்டது என்று சாமிதுரை அதையும் ஒதுக்கிவிட்டார். 

அடுத்து மகேஷ் வந்தான். சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டே, தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தான்.

"சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது. நான் உங்க கார்ட அடிக்கறத வுட்டு ரொம்ப நாளாச்சு."

"என்னடா சொல்ற?"

"மனசு ஒப்பல சார். நான் அடிச்சு அடிச்சுத்தானே நீங்க வூட்டுக்குப் போவாம கெடக்கறீங்கன்னு தோணுச்சு. அடிக்காம வுட்டா மாட்டிக்குவீங்க, மேனேஜர் தொரத்துவாரு, அப்பவாவது போவீங்கன்னு நெனச்சேன்."

"அட பாவி! அப்பறம் ஏன் எவனும் கேக்கல? யாரு அடிக்கறது?"

மகேஷ் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அததான் சார் நானும் பாக்கறேன். சங்கு ஊதுன ஒடனே மொத ஆளா நான்தான் ஓடுவேன். எனக்கு முன்னாடி அங்க யாருமே இருக்க மாட்டாங்க. ஆனா உங்க கார்டு ஏற்கெனவே வெளிய போன பக்கத்துல செருகியிருக்கும். தொட்டுப் பாத்தா மை ஈரமா இருக்கும்."

 ஓடு மாற்றியது, கதை சொன்னது, சிரித்துக்கொண்டே பஸ்ஸில் போனது எல்லாம் சாமிதுரையின் முன்னால் ஒன்றன் பின் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன. வீட்டில் ஒருத்தன் இருக்கிறான். கார்டு எவனை வெளியே அனுப்பியதோ, அவன் வீட்டுக்குப் போயிருக்கிறான்.

மறுநாள் அவர் சங்குக்கு முன்பே டைம் ஆபீஸ் வாசலில் போய் நின்றுகொண்டார். உச்சி தாண்டிய வெயில். ஆலைத் தூசு எல்லாவற்றின் மேலும் வெள்ளையாகப் படிந்து, மரம் மட்டை மனுஷன் எல்லாம் ஒரே நிறமாக இருந்தது. காலையிலிருந்தே கில்னின் நடு உடம்பில் ஓரிடம் கொஞ்சம் கூடுதலாகக் காய்ந்துகொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் அவர் அதைவிட்டு நகர்ந்திருக்கவே மாட்டார். அறிவரசனிடம், "பாத்துக்கடா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு அத்தனை வருஷம் ஆகியிருந்தது.

கார்டு அவர் கண்ணுக்கு நேராக, உள்ளே இருப்பவர்கள் பக்கத்தில் இருந்தது. சங்கு ஊதியது. மிஷின் ஒருமுறை டக்கென்று அடித்தது. அதன் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் கார்டு எதிர்ப்பக்கம் போயிருந்தது.

வெளியே ஷிப்டு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. டிரைவருக்குப் பின் சீட்டில் ஜன்னல் ஓரமாகச் சாமிதுரை உட்கார்ந்திருந்தார். அதே காக்கிச் சட்டை, அதே காதோர நரை. ஆனால் மேலே ஒரு பொட்டுத் தூசு இல்லை. குளித்துவிட்டு வந்த மாதிரி முகம் பளிச்சென்று இருந்தது. அவசரமே இல்லாத முகம். தன் முகம் அப்படியும் இருக்கும் என்பது சாமிதுரைக்கே தெரியாது.

"நிறுத்துங்கய்யா!" என்று கத்திக்கொண்டே ஓடினார். பஸ் நகர்ந்துவிட்டது. கேட்டில் காசிநாதன் குறுக்கே கையை நீட்டி, இவரை ஏற இறங்கப் பார்த்தான். 

"போர்மேன், நீங்க... இப்பதானே போனீங்க?"

"நான்தான்யா சாமிதுரை! வழிய வுடு!"

"நீங்க அவுட் ஆயிட்டீங்களே. வெளிய போன ஆள நான் எப்புடி இன்னொரு வாட்டி வெளிய வுடறது?" என்று அவன் உளறினான். பாவம், அவனுக்குத் தெரிந்த சட்டம் அதுதான். பின்னால் பைக்கில் வந்த மகேஷ்தான் சத்தம் போட்டு வழி வாங்கி, "ஏறுங்க சார்" என்றான். அவன் வீடு இந்தப் பக்கம் பெரம்பலூரில், இவர் வீடு அந்தப் பக்கம் செந்துறை ரோட்டில். ஆனாலும் பேசாமல் வண்டியைத் திருப்பினான். தெரு முக்கில் இறக்கிவிட்டபோது, "பாப்பாவ வாங்கிக்கணும் சார், நான் கெளம்பறேன். நீங்க இன்னிக்கு எதுக்காவும் திரும்பி வந்துடாதீங்க" என்று மட்டும் சொன்னான்.

கேட்டில் நின்ற நேரத்துக்குள் பஸ் முந்திவிட்டது. வீட்டு வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது. குனிந்து தன் காலைப் பார்த்தார், செருப்பு காலிலும் இருந்தது. உள்ளே அவர் குரல் கேட்டது. ஏதோ ஒரு நரியைப் பற்றிய கதை. நடுநடுவே, பள்ளிக்கூட லீவில் வீட்டில் இருந்த மலர்கொடி சிரித்தாள், பூமாலையும் சிரித்தாள். பூமாலை அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவருக்கு நினைவே வரவில்லை. ஜன்னலை எட்டிப் பார்க்கத் தைரியம் இல்லாமல் முருங்கை மரத்தடியில் அப்படியே நின்றார்.

கை கழுவ வெளியே வந்த பூமாலை அவரைப் பார்த்துவிட்டாள். அலறுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, மெதுவாக அருகில் வந்தாள்.

"நீங்களா? இன்னிக்கு ரெண்டாவது டூட்டி இல்லையா?"

"உனக்கு... உனக்குத் தெரியுமா பூமாலை?"

"மொத நாளே தெரியும். உங்க சட்டையில சிமெண்டு வாசம் வரும், அவரு சட்டையில ஒரு வாசமும் வராது. சோறு சாப்புடறாரு, தண்ணி குடிக்கறாரு, ஆனா தொண்டை அசையறதில்ல. வெளக்கு வச்சு செத்த நேரத்துல கடைத்தெருவுக்குப் போறேன்னு கெளம்பிடுவாரு. அதுக்கப்பறம் நீங்க வருவீங்க."

"அய்யோ! பயமா இல்லையாடி உனக்கு?"

"பயமாத்தான் இருந்துச்சு. கொல்லைப் பக்கமா புள்ளையக் கூட்டிட்டு ஓடிடலாமான்னு நின்னேன். அப்பறம் மலருக்கு அம்மை போட்டுச்சு. மத்தியானம் வந்ததுலேருந்து வெளக்கு வைக்கற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து வேப்பலையால வீசிக்கிட்டே இருந்தாரு. ஒரு நாகூட பாதியில எந்திரிக்கல. அதுக்கப்பறம் எனக்குப் பயம் போயிடுச்சுங்க."

"மலருக்கு அம்மை போட்டுச்சா?" என்றார் சாமிதுரை.

 பூமாலை அவர் முகத்தைப் பார்த்தபடியே நின்றாள்.  ஒரே கூரைக்குக் கீழே படுத்து எழுந்த மனுஷன் கேட்கிற கேள்வியா இது? கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டார்: "என்ன உள்ள வுடு பூமாலை. இது என் வூடு. அவ என் புள்ள."

"நான் எங்க வேணாங்கறேன்?" என்றாள் அவள். "எனக்கு மட்டும் தொண்டை அசையாத மனுஷனோட குடும்பம் நடத்த ஆசையா? நீங்க உள்ள வந்து உக்காந்தா அவரு போயிடுவாரு. எனக்கு அது நிச்சயமாத் தெரியும். ஆனா வந்தா இருக்கணும். பாதியில எந்திரிச்சுப் போனீங்கன்னா, அவரு அப்பறம் போவவே மாட்டாரு. வாங்க."

அவர் படியில் ஒரு காலை வைத்தார். உள்ளே கதை சட்டென்று நின்றது. நாற்காலி ஒன்று லேசாக முனகியது. யாரோ எழுந்துகொள்வதற்குத் தயாராவது போல் இருந்தது.  இன்னும் ஒரு படி.

அப்போதுதான் கம்பெனி ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வாசலில் வந்து நின்றது. டிரைவர் அமிர்தலிங்கம் தலையை வெளியே நீட்டினான்.

"போர்மேன்! கில்ன் செவந்துடுச்சு. மேனேஜர் கையோட கூட்டியாரச் சொன்னாரு!"

சாமிதுரையின் கால் படியிலேயே நின்றது. "அறிவரசன் என்ன பண்றான்?"

"அவன் ஒடனே பாத்து நிறுத்திட்டான். சேதம் ஒண்ணும் இல்ல."

பூமாலை ஜீப்பைப் பார்த்துக் கேட்டாள்: "அப்ப இவரு வந்து என்ன செய்யணும் அண்ணே?"

அமிர்தலிங்கம் தலையைச் சொறிந்தான். "செய்ய என்ன இருக்கு தங்கச்சி. ஆறற வரைக்கும் பாத்துக்கிட்டு நிக்கணும், அவ்வளவுதான். இருந்தாலும் போர்மேன் இல்லாம எப்புடி?"

இருந்தாலும் போர்மேன் இல்லாம எப்புடி! அந்த ஒரு வார்த்தை போதும் அவருக்கு. அறிவரசன் செங்கல் எங்கே பெயர்ந்தது என்று சரியாகப் பார்த்தானோ, உருளையை மெதுவாகத் திருப்பிக்கொண்டே ஆறவிட்டானோ, இல்லை ஒரே பக்கமாக நிறுத்தி வளையவிட்டானோ. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? "ஒரே ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்துடறேன் பூமாலை. இந்த ஒரு தடவ மட்டும்" என்று அவர் சொல்லி முடித்தபோது ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். படியிலிருந்து எப்படி இறங்கினோம், எப்போது ஏறினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

பூமாலை அழவும் இல்லை, தடுக்கவும் இல்லை. சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. அதன் பிறகு உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அமிர்தலிங்கம் வண்டியைத் திருப்பத் தெரு நடுவில் நிறுத்தினான். ஜன்னல் வழியாக மலர்கொடியின் குரல் வந்தது.

"அப்பா, வாசல்ல யாருப்பா ஜீப்பு?"

சாமிதுரை பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவருக்கு முன்பே, உள்ளேயிருந்து, அவர் குரல் நிதானமாகச் சொன்னது:

"கம்பெனிலேருந்து வேலைக்குக் கூப்புட வந்தாங்கம்மா. வரலன்னு சொல்லி அனுப்பிட்டேன்."